வாட்டர்மார்க் போட்டும் படம் பறிபோன கதைகள்: ராம்நாட்டுக் கடற்கரைக்காரர்கள் பகிர்வு

பூநாரைப் பிரியன், இராமநாதபுரம்

தனுஷ்கோடி போகும் வழியில், கோதண்டராமர் கோவிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் நான் எடுத்த பூநாரைப் படம் ஒன்று ஒரு தங்கும் விடுதியின் முகநூல் பக்கத்தில் பேனராக இருந்தது. எந்த விடுதி என்று கேட்காதீர்கள், விஷயம் முடிந்துவிட்டது.

படத்தில் பெயர் போடாமல் இல்லை. ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுகிறார்கள் என்று, கூட்டமாக நிற்கும் பறவைகளின் கால் மட்டத்தில் குறுக்காக, மங்கலாகப் போட்டிருந்தேன். அதை ஏதோ ஏஐ கருவியை வைத்துத் துடைத்திருக்கிறார்கள். முதல் பார்வைக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், இடது பக்கம் நிற்கும் இரண்டு பறவைகளுக்கு முட்டிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அந்தரத்தில் நிற்கின்றன. தண்ணீரில் விழுந்த நிழலில் மட்டும் நாலு காலும் பத்திரமாக இருக்கின்றன! நிழலைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை போல.

அசலையும் அதையும் அருகருகே வைத்து அனுப்பினேன். "கூகுள்லதான் சார் எடுத்தோம்" என்றார் அங்கே படம் போடும் பையன். கூகுள் என்னவோ விடியற்காலையில் சேற்றில் இறங்கி கேமராவோடு நின்ற மாதிரி. மறுநாள் எடுத்துவிட்டார்கள். காசு எதுவும் வரவில்லை, நானும் துரத்தவில்லை.

2025-இல் அந்தப் பகுதியைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்த பிறகு கேமராவோடு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். படம் சுடுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எந்த ஆப் நல்லது என்று நான் கேட்கவில்லை, அது யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. உங்களுக்கு என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பாம்பன் கடலோடி

அண்ணே, உங்கள் பறவைக்குக் கால் போச்சு, எங்கள் போட்டுக்கு நம்பர் போச்சு.

எங்கள் சித்தப்பா தோளில் சீலாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். மீன் நல்ல பெருசு, வால் அவர் முழங்காலைத் தொடும். பின்னால் எங்கள் விசைப்படகின் முகப்பு, அதில் ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் பதிவு எண். கீழ் ஓரத்தில் என் பக்கத்தின் பெயரைச் சின்னதாகப் போட்டிருந்தேன். வெளியூரில் வீட்டுக்கே மீன் கொண்டு தருகிற ஒரு வியாபாரி இதை விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். "இன்று பிடித்தது, இன்றே உங்கள் சமையலறையில்" என்று மேலே எழுத்து. அந்த மீன் பிடித்து வருஷமாகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வாட்டர்மார்க்கை அவர்கள் தொடவே இல்லை. விளம்பர எழுத்துக்குப் பின்னால் அது பாதி மறைந்து கிடந்தது. அழித்தது படகு நம்பரை. படம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். சித்தப்பாவிடம் காட்டினேன். காசு கேட்கலாமா என்று அவர் கேட்கவில்லை. "நம்ம போட்டு நம்பரை எதுக்குடா அழிச்சானுவ?" என்பதுதான் அவருக்கு ஆற்றாமை. நம்பர் இல்லாத போட்டு களவுப் போட்டு மாதிரி அவர் கண்ணுக்கு.

புகார் பட்டனை அழுத்தினேன். இரண்டு நாளில் போனது. அப்புறம் வேறு பெயரில் அதே படம் வந்தது, அதையும் அழுத்தினேன்.

ஸ்டூடியோக்காரன், உச்சிப்புளி

நான் அரியமான் பக்கம் கல்யாண அவுட்டோர் எடுக்கிறவன். சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டினால் அலையே இல்லாத கடல், சாயங்கால வெயில். வருஷம் முழுக்க ஜோடிகள் வருவார்கள்.

என் படங்களை வேறு மாவட்டத்து ஸ்டூடியோ ஒன்று தங்கள் வேலை என்று ஆல்பமாகவே போட்டிருந்தது. எப்படித் தெரிந்தது தெரியுமா? நான் எடுத்த மணப்பெண்ணின் சித்தி மகள், தன் கல்யாணத்துக்கு விலை கேட்டு அங்கே போயிருக்கிறாள். "எங்க லேட்டஸ்ட் வொர்க் பாருங்க மேடம்" என்று டேப்லெட்டில் காட்டியிருக்கிறார்கள். திரையில் அவளுடைய அக்காவும் மாமாவும்! அந்தப் பெண் அங்கேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டு எனக்கு போன் போட்டாள். என் முத்திரை இருந்த இடத்தில் அவர்கள் முத்திரை, என்னுடையதைவிடப் பெரிசாக.

கோபத்தில் வக்கீல் நண்பர் ஒருவரிடம் போனேன். அங்கேதான் எனக்கு நிஜமான அடி. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அந்தக் காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது கல்யாணப் படத்துக்கு முறைப்படி சொந்தக்காரர்கள் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோதான். எடுத்தவன் என்று பெயர் சொல்லிக்கொள்கிற உரிமை நமக்கு உண்டு, அதை 57-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் நான் ஒரு மூலையில் ஸ்டூடியோ பெயரைப் பொறித்துவிட்டதால் படம் என்னுடையதாகிவிடாது. தொழிலில் இருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

கடைசியில் பெண்ணின் அப்பாவே புகார் கொடுத்தார், அவருக்குத்தான் பலம் அதிகம். தன் மகள் படத்தை ஊர் பேர் தெரியாதவன் காட்டி வியாபாரம் பண்ணுகிறானே என்று அவருக்கு என்னைவிடக் கோபம். ஒரே போனில் ஆல்பம் காணாமல் போனது. அதற்குப் பிறகு ஆர்டர் ஃபார்மில் உரிமை யாருக்கு என்று எழுதி வாங்கிவிடுகிறேன்.

பழைய பத்திரிகைக்காரன், ராமேஸ்வரம்

எல்லாரும் வாட்டர்மார்க், வாட்டர்மார்க் என்கிறீர்கள். எனக்கு அது பிடிக்காது. நல்ல படத்தின் நெற்றியில் முத்திரை குத்தினால் அப்புறம் அது படமா? மொத்த வாழ்க்கையும் படத்துக்குக் கீழே பெயர் வருகிற தொழிலில் இருந்தவன், அதனால் இப்படிப் பேசுகிறேனோ என்னவோ.

என் கதை பாலம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்தார்கள். புதுசில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். பழசில் இரண்டு கைகளாகப் பிரிந்து தூக்கும், நடுவில் கப்பல் போகும். திறப்பு விழா வாரம் எங்கே பார்த்தாலும் பழசு, புதுசு என்று ஒப்பிட்டுப் படம் போட்டார்கள். புதுசுக்கு அவரவர் ஆள் போய் எடுத்த படம். பழசுக்குப் பல இடத்தில் என் படம். கீழே என்ன எழுதியிருந்தார்கள்? "படம்: இணையம்". இந்த இணையம் என்கிற ஆள்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே அதிகம் படம் எடுக்கிற புகைப்படக்காரர்.

ஒருவரிடம் கேட்டேன். "ரோட்டுப் பாலத்தில் நின்று நானும்தான் எடுத்தேன், எல்லாருக்கும் அதே இடம்தானே?" என்றார். பேச்சு நியாயம் மாதிரி இருக்கும். 1988-இல் சாலைப் பாலம் வந்ததிலிருந்து வண்டியை ஓரம்கட்டிவிட்டு எல்லாரும் அதே கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றுதான் எடுக்கிறார்கள். ஆனால் நான் அந்தப் படத்துக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்த பிரேம்களை வைத்திருக்கிறேன். வெளியே போன படத்தில் தூணுக்கு நடுவே ஒரு வத்தை, அதாவது சின்னப் பாய்மரப் படகு, தெரியும். முந்தின பிரேமில் அது தூணுக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம், பாயில் ஒட்டுப்போட்ட துணி உட்படத் தெரிகிறது. மூன்றையும் அனுப்பி, கூடவே ஒரு பில்லும் அனுப்பினேன். மிரட்டல் இல்லை, வசவு இல்லை. வழக்கமாகப் பத்திரிகைக்கு வாங்குகிற தொகை, வங்கிக் கணக்கு எண், "தங்கள் வெளியீட்டில் பயன்படுத்திய வகையில்" என்று ஒரு வரி. பணம் வந்தது. எல்லாரிடமிருந்தும் வராது, ஆனால் கணக்குப் பிரிவு வைத்திருக்கிற இடத்தில் பில்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஆகவே தம்பிகளே, முத்திரையை விடுங்கள், அசல் கோப்பை அழிக்காதீர்கள். போனில் இடம் இல்லை என்று முதலில் அதைத்தான் அழிக்கிறீர்கள்.

கீழக்கரை டிசைனர், துபாயிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பத்திரிகைக்கார ஐயா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். அசல் கோப்பு முக்கியம்தான். ஆனால் பில் அனுப்பவும் முதலில் யார் எடுத்தது என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே, அதற்கு முத்திரை வேண்டும்.

நம் பக்கத்துப் படங்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. முக்கால்வாசி வானம், கடல், மணல். எல்லாரும் படத்தைக் கெடுக்கக் கூடாது என்று அந்த வெற்றிடத்தில்தான் பெயரைப் போடுகிறார்கள். இப்போதைய ஏஐ அழிப்பான்கள், அழித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யூகித்து வரைகின்றன. நீல வானத்தை யூகிக்க என்ன கஷ்டம்? போனிலேயே ஒரு விரல் தேய்ப்பில் முடிந்துவிடும். யூகிக்கச் சிரமமான இடத்தில் போடுங்கள். காயப்போட்ட வலையின் கண்ணிகள், 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சொரசொரப்பான பவளக்கல் சுவர், பூநாரைக் கால்கள். பூநாரை அண்ணன் இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். அதனால்தான் திருடியவர் மாட்டினார்.

இன்னொன்று. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைச் செய்து காட்டினார்கள். ஒரே முத்திரை நூற்றுக்கணக்கான படங்களில் மாறாமல் இருந்தால், எல்லாப் படங்களையும் சேர்த்து ஒப்பிட்டு, முத்திரையை மட்டும் கணினி தனியாகப் பிரித்து எடுத்துவிடும். முத்திரையின் இடத்தை மாற்றுவதால் பெரிய பயன் இல்லை என்றும், ஒவ்வொரு படத்திலும் அதன் வடிவத்தையே லேசாக நெளித்துவிட்டால் அழித்த பிறகும் தடம் மிஞ்சும் என்றும் கண்டார்கள். ஆல்பம் ஆல்பமாகப் போடும் ஸ்டூடியோக்காரர்கள் இதைக் கவனிக்கலாம்.

வெளியே போடும் படத்தை நீளப் பக்கம் 1200 பிக்சலுக்குச் சுருக்கிவிடுங்கள். போனில் பார்க்க அது போதும், பேனர் அடிக்க ஆகாது. நான் எக்ஸ்என்கன்வர்ட் என்ற இலவச மென்பொருளில் சுருக்குவது, முத்திரை போடுவது இரண்டையும் மொத்தமாகச் செய்துவிடுகிறேன். படத்துக்குள்ளேயே ஐபிடிசி விவரமாக எடுத்தவர் பெயரை எழுதி வைக்கலாம், அது இருந்தால் கூகுள் படத் தேடலில் பெயரும் காட்டும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரமெல்லாம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும்.

சட்டத்தைப் பற்றி ஸ்டூடியோ அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2012 திருத்தத்தில் 65பி என்று ஒரு பிரிவு வந்தது. படத்தின் உரிமை பற்றிய தகவலைத் தெரிந்தே அனுமதியில்லாமல் நீக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. எடுத்தவர் பெயரும் அந்தத் தகவலில் சேரும். வழக்கு போடுகிறோமோ இல்லையோ, கடிதத்தில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால் எதிர்த்தரப்பின் குரல் மாறுகிறது. எனக்கு மாறியிருக்கிறது.

ஓலைக்கொட்டான், சாயல்குடி

அண்ணன்மார் எல்லாரும் பெரிய படங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பனை ஓலைக் கொட்டான், பெட்டி, விசிறி விற்கிறவள். என் படத்துக்குக் கலை மதிப்பெல்லாம் இல்லை, ஆனால் அதைத் திருடினால் என் சோற்றில் கைவைக்கிற மாதிரி.

என் படங்களை அப்படியே எடுத்து ஒரு போலிப் பக்கம் தொடங்கி, பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லி ஜிபேயில் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஏமாந்தவர்கள் என் பக்கத்தைக் கண்டுபிடித்து என்னைத்தான் திட்டினார்கள். ஒரு அம்மா, மகள் வளைகாப்புக்குத் தாம்பூலக் கொட்டான் சொல்லியிருந்தவர், அழுதே விட்டார். இணையப் பண மோசடிக்குப் புகார் சொல்லும் 1930 எண்ணுக்குப் போன் பண்ண அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் சேர்ந்து முடைந்து அவருக்கு மட்டும் அசல் விலைக்கே கொடுத்தோம்.

முதலில் போன் நம்பரைப் பெரிசாக வாட்டர்மார்க்காகப் போடச் சொன்னார்கள். போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு "ஹாய்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் யாரும் அதைச் செய்யாதீர்கள், பக்கத்தின் பெயர் போதும்.

இப்போது நான் செய்வது வேறு. சின்ன ஓலை நறுக்கில் பக்கத்தின் பெயரை மையால் எழுதி, கொட்டானின் வாய் விளிம்பில் பின்னலுக்குள் செருகிப் படம் எடுக்கிறேன். பாதி எழுத்து பின்னலுக்கு மேலே, பாதி உள்ளே. அதை அழிக்கப் போனால் பின்னலே கோணிக்கொள்கிறது. வாங்குகிறவர்களுக்கும் அது பிடித்துப்போய், அந்த நறுக்கோடே அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள்.

பாம்பன் கடலோடி

அக்கா, அருமை. கீழக்கரை காக்கா, இந்த ஓலை நறுக்கை ஏஐ என்ன செய்யும்?

கீழக்கரை டிசைனர், துபாயிலிருந்து

முயன்று பார்த்தேன் தம்பி, அக்கா மன்னிக்கணும். நறுக்கு போனது, ஆனால் மூன்று இழை ஓடிய இடத்தில் நாலு இழை வந்தது. கொட்டான் முடைகிறவர் பார்த்தால் அந்த நிமிஷமே சொல்லிவிடுவார்.

பூநாரைப் பிரியன், இராமநாதபுரம்

எல்லாருக்கும் நன்றி. பறவைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: படத்தில் பெயரைச் சேர்க்கிற அதே நேரத்தில், ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். கூடு இருக்கிற இடமும் ஆமை முட்டை இட்ட இடமும் படத்தோடு ஊர் முழுக்கப் போக வேண்டியதில்லை. சித்திரங்குடி, தேர்த்தங்கால் சரணாலயப் படங்களுக்கும் நான் ஊர்ப் பெயர் மட்டும்தான் எழுதுகிறேன்.

ஸ்டூடியோ அண்ணே, அந்த ஆர்டர் ஃபார்ம் வாசகத்தை இங்கே போட முடியுமா?

ஸ்டூடியோக்காரன், உச்சிப்புளி

தாராளமாக. வக்கீல் பார்த்துத் திருத்தியது:

"இந்த நிகழ்ச்சியில் எடுக்கப்படும் படங்களின் பதிப்புரிமை ஸ்டூடியோவைச் சேரும். குடும்ப உபயோகத்துக்கும் சமூக ஊடகத்தில் பகிரவும் வாடிக்கையாளருக்கு முழு அனுமதி உண்டு. ஸ்டூடியோ தன் விளம்பரத்தில் பயன்படுத்துவதற்கு முன் வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் பெறும்."

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் பெண் வீட்டார் கையெழுத்துப் போடுகிறார்கள்.