எச்ஐவி தாய்க்குப் பிறந்த குழந்தை: ஆறாவது வாரக் குதிகால் ரத்தம், சிடி4, நெவிராபின் – நீலகிரி அனுபவங்கள்

கோத்தகிரி லேப்:
எச்ஐவி உள்ள தாயின் கைக்குழந்தைக்கு ரேபிட் டெஸ்ட் போட்டு, 'பாசிட்டிவ்' என்று சொல்லி குடும்பத்தையே கலங்கடிப்பது இன்னும் நடக்கிறது. அந்த டெஸ்ட் காட்டுவது ஆன்டிபாடியை, அதாவது கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதத்தை. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து 18 மாதம் வரைகூடத் தங்கும். கிருமி வந்ததா என்று அறிய, ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, டிபிஎஸ் அட்டையில் (ரத்தத்துளியை உலரவைக்கும் தாள் அட்டை) ரத்தம் எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பார்க்க வேண்டும். 6, 12 மாதங்களில் மறுபடியும் பரிசோதனை உண்டு. கடைசி முடிவு 18 மாதத்திலோ, தாய்ப்பால் நிறுத்தி 3 மாதம் கழித்தோ, எது பிந்தியதோ அப்போது.

மலையில் இந்த அட்டையைக் கெடுப்பவை குளிரும் ஈரமும். குழந்தையின் பாதம் சில்லிட்டிருக்கும்போது குத்தினால் ரத்தம் வராது. வரவில்லையென்று பிழிந்தால் திசுநீர் கலந்து நீர்த்துவிடும், செல்லாது என்று அட்டை திரும்பி வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை முதலில் பாதத்தில் சில நிமிடம் சுற்றிவையுங்கள். பாதம் கீழே தொங்கட்டும். குதிகாலின் நடுவில் எலும்பு இருப்பதால் ஓரத்தில்தான் குத்த வேண்டும், ஆழம் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்துத் திரளும் பெரிய துளியில் வட்டத்தைத் தொடவிடுங்கள். ரத்தம் ஊறி மறுபக்கமும் தெரிய வேண்டும். துளிமேல் துளி வைத்தால் கட்டிதட்டும்.

காய வைப்பதுதான் பெரும்பாடு. நான்கு மணி நேரம் என்பது குறைந்தபட்சம். கூடலூர், பந்தலூரில் ஆடி மழையிலும், கோத்தகிரி, குன்னூரில் ஐப்பசி மழையிலும் அது போதாது. இரவு முழுக்க ரேக்கில் படுக்கைவாக்கில் விட்டுவிடுங்கள். ஹீட்டர், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். ஈரத்தோடு பையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும், கிருமியின் மரபணு சிதையும். பைக்குள் ஈரம் காட்டும் அட்டை நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றுங்கள்.

கூடலூர் ஆலோசகர்:
நம்பிக்கை மையத்துக்கு (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) வருகிற தாய்மார்கள் அடிக்கடி கேட்பது, 'சிடி4 பார்த்தால் குழந்தைக்குத் தொற்று இருக்கா தெரியாதா சார்?' தெரியாது. சிடி4 என்பது எச்ஐவி தாக்கும் எதிர்ப்பாற்றல் செல், அதன் எண்ணிக்கை கைக்குழந்தைக்கு இயல்பாகவே மிக அதிகம். பெரியவருக்கு 700 என்றால் பயமில்லை. ஒரு வயதுக்குள் அதே 700 வந்தால் எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். அதனால் ஐந்து வயதுவரை எண்ணிக்கையோடு சதவீதத்தையும் கேட்டு வாங்குங்கள். இதெல்லாம் தொற்று உறுதியான பிறகு, அது எந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது என்று பார்க்கத்தான்.

சிடி8 என்ற இன்னொரு வகை எதிர்ப்பாற்றல் செல்களில் சிடி38, எச்எல்ஏ-டிஆர் அடையாளங்கள் கூடினால் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் தூண்டப்படுகிறது என்று அர்த்தம். ஆராய்ச்சிக்கு அவை முக்கியம். கர்ப்பிணி அவற்றுக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. குழந்தையின் ஆபத்தைச் சொல்வது கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரத்துக்குள் எடுக்கும் வைரல் லோடு, அதாவது தாயின் ஒரு மில்லி ரத்தத்திலுள்ள கிருமி எண்ணிக்கை. அது 1000-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ குழந்தை அதிக ஆபத்துப் பிரிவு.

ஆனால் ஓர் அடையாளம் வீட்டுப் பழக்கத்தோடு நேராகச் சேர்கிறது. கிருமி செல்லுக்குள் நுழைய சிடி4 மட்டும் போதாது, சிசிஆர்5 என்ற இரண்டாவது பிடியும் பெரும்பாலும் வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தில் சிசிஆர்5 உள்ள சிடி4 செல்கள் குறைவு, சிசுவின் குடலிலோ அவை நிறைய. சேனை, உரைமருந்து, பசும்பால் என்று தாய்ப்பாலோடு கலந்து கொடுத்தால் குடல்சுவர் புண்படலாம், கிருமிக்கு வழி சுலபமாகிவிடும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். கொழுந்து பறிக்கப் போகும் அம்மா பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இதை விளக்குங்கள். தாயின் சம்மதமில்லாமல் அவள் நோயைப் பற்றிச் சொல்லக்கூடாது, 2017 எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. 'வயிற்றுக்கு ஆகாது' என்றாலே பாட்டிக்குப் புரியும்.

குன்னூர் சிஸ்டர்:
குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்கக் கொடுக்கும் நெவிராபின் சிரப்பில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். பிறந்த எடை இரண்டரை கிலோவுக்கு மேல் என்றால் தினம் ஒருவேளை 1.5 மில்லி, 2 முதல் 2.5 கிலோ வரை 1 மில்லி. 2 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 0.2 மில்லி. 15 மில்லிகிராம் என்று சீட்டில் எழுதினால் வீட்டில் 15 மில்லி ஊற்றிவிடும் அபாயம் உண்டு. மில்லியில் எழுதுங்கள், ஊசியில்லாத சின்ன சிரிஞ்சில் 1.5 கோட்டைப் பேனாவால் குறித்துக் கொடுங்கள். பாட்டிலை மெதுவாகக் குலுக்கச் சொல்லுங்கள், மருந்து அடியில் தங்கிவிடும். ஆறு வாரம் கொடுக்க வேண்டும். அதிக ஆபத்துக் குழந்தை தாய்ப்பால் குடித்தால் சிடோவுடின் என்ற இன்னொரு எச்ஐவி மருந்தும் சேர்த்துப் பன்னிரண்டு வாரம். சிடோவுடின் ரத்தசோகை உண்டாக்கும். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தசோகை இருப்பதால் ஹீமோகுளோபினைத் தவறாமல் பாருங்கள்.

கோத்தகிரி லேப்:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. சிடி4 ரத்தம், உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில். எடுத்தவுடன் எட்டு, பத்து முறை மெதுவாகத் தலைகீழாக்குங்கள், உறைந்தால் எண்ணிக்கை தப்பாகும். ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள், அறை வெப்பம்தான் வேண்டும். மார்கழி, தை உறைபனியில் ஊட்டியில் ராத்திரி ஜன்னலோரத்திலோ வண்டியிலோ விட்டாலும் அதே கேடுதான்.

கூடலூர் ஆலோசகர்:
டிபிஎஸ் பாசிட்டிவ் வந்தால் இரண்டாவது அட்டை எடுத்த கையோடு ஏஆர்டி (எச்ஐவி கூட்டுமருந்து சிகிச்சை) மையத்துக்கு அனுப்புங்கள். உறுதி முடிவு வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. சந்தேகத்துக்கு 1097 எச்ஐவி இலவச உதவி எண்.