45 நாள் போட்டிலேயே இப்படி என்றால், செவ்வாய்க்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

தூத்தூர்க்காரன்:
ஆழ்கடலுக்குத் தூண்டில் தொழிலுக்குப் போகிறவன் நான். 11 பேர், ஒரே போட்டு, இந்தத் தடவை 45 நாள். முதல் இரண்டு வாரம் பாட்டும் கேலியுமாகப் போய்விடும். எங்கள் ஸ்ராங்கு, அதாவது போட்டை ஓட்டுகிறவர், கட்டன் சாயாவைச் சத்தமாக உறிஞ்சித்தான் குடிப்பார். பத்து வருசமாக அப்படித்தான், ஒருநாளும் நான் கவனித்ததில்லை. இந்தத் தடவை முப்பதாம் நாள், டம்ளரைப் பிடுங்கிக் கடலில் எறியலாமா என்று கை பரபரத்தது. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் சேட்டிலைட் போனில் முதலாளியைப் பிடித்து, ஐஸ் சரியில்லை, அரிசி சரியில்லை என்று கத்தினேன். ஐஸ் நல்ல ஐஸ்தான்.
மாசக்கணக்கில் விண்கலத்தில் அடைந்து கிடப்பவர்களுக்கும் இப்படி வருமா?

ஆரல்வாய்மொழி காற்று:
வரும் அண்ணா. நீங்கள் முதலாளியிடம் கத்தியதுகூட அப்படியே அங்கேயும் உண்டு. பக்கத்தில் படுக்கிறவனோடு முறைத்துக்கொண்டால் விடிந்தால் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதனால் கோபம் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்தின் மேல் திரும்பும். 2010 ஜூனில் மாஸ்கோவில் ஆறு பேரை விண்கலம் மாதிரி கட்டிய கூடத்துக்குள் 520 நாள் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். தங்களுக்குள் மோதியதைவிட வெளியே இருந்த மையத்தோடு மோதியதாகத்தான் அவர்கள் அதிகம் சொன்னார்கள்.
இன்னொன்று தூக்கம். வெயில் இல்லாத இடமல்லவா, ஒருவருக்கு நாள் 25 மணி நேரமாக நீண்டுவிட்டது. மற்றவர்கள் தூங்கும்போது அவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். ஆறு பேருக்கு நடுவே தனி ஆள்!
1982-ல் சோவியத் நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்தில் பெரெசவோய், லெபெதேவ் என்று இரண்டே பேர், 211 நாள். உரசல் வந்ததை லெபெதேவ் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

கரைக்காரி:
மக்களே, என் வீட்டுக்காரரும் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகிறவர்தான். திரும்பி வந்தால் இரண்டு நாள் திண்ணையில்தான் கிடப்பார். மிக்ஸி போட்டால் எரிந்து விழுவார். ஆரம்பத்தில் நானும் பதிலுக்குக் கத்துவேன். இப்போது தேங்காயை அம்மியில் அரைத்துவிடுகிறேன். அது இருக்கட்டும், செவ்வாயில் இருந்து வீட்டுக்குப் போன் பேச முடியுமா?

ஆரல்வாய்மொழி காற்று:
நேராகப் பேச முடியாது அக்கா. செவ்வாய் தூரத்தில் இருக்கும்போது நாம் சொல்வது போய்ச்சேரவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். பதில் வர அதே அளவு.

தூத்தூர்க்காரன்:
அப்படியென்றால் முதலாளியோடு சண்டையும் போட முடியாது சாரே!
நேற்று தூத்தூர் கடற்கரையில் ஸ்ராங்கைப் பார்த்தேன். சாயா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சிரித்தார். "லேய், நீ படுத்துக்கொண்டு கால்விரலைச் சொடுக்குவாயே, அதைக் கேட்க முடியாமல் இருபது நாளாக நான் இன்ஜின் பக்கத்தில் போய்ப் படுத்தேன்" என்றார்.