டைவர்ட்டர் வால்வுக்கு ‘மடைமாற்றி’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். வீட்டை வெப்பமூட்டும் கருவிகளின் உறுப்புகளுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், வருகிற வெந்நீரை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கோ வெந்நீர்த் தொட்டிக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வுக்கு இந்த இழையில் வந்த முன்மொழிவு இது:

> டைவர்ட்டர் வால்வு: மூவழி வால்வு அல்லது திசைமாற்றி வால்வு. இரண்டில் ஒன்றை முடிவுசெய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறேன். இரண்டு சொல்லுமே பழுது பார்ப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். போன தை மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். எரிவாயுக் கொதிகலனைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ஹீட் பம்ப் பொருத்தி இரண்டு குளிர்காலம் ஆகிறது. அன்று வெளியே 2 பாகை. நான் வேலையில் இருந்தபோது அம்மா அழைத்தார்.

“தம்பி, வீடு விறைக்கிறது. ரேடியேட்டர் எல்லாம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது.”

வெளியே விசிறி சுற்றுகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது என்றார். குளியலறையில் வெந்நீர்? அது நன்றாகவே வருகிறதாம். இயந்திரம் வெப்பத்தைக் கொண்டுவருகிறது, ஆனால் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை என்று அப்போதே தோன்றியது. வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். அங்கே மூன்று குழாய்கள் ஒரு பித்தளைத் துண்டில் கூடும். அதுதான் டைவர்ட்டர் வால்வு. அதன் தலையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மோட்டார்ப் பெட்டி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் போகும் குழாயையும் ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாயையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

“தொட்டிக் குழாய் சுடுகிறது. மற்றது செத்துக் கிடக்கிறது.” பிறகு அவராகவே சொன்னார்: “தண்ணீர் மாறவில்லை, தம்பி. எல்லாம் ஒரே பாத்திக்கே போகிறது.”

அம்மா யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவர். கிணற்றிலிருந்து இறைத்த நீர் வாய்க்காலில் வரும். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து, அடுத்த பாத்தியின் வாயை வெட்டிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இது தண்ணீர் மாறுதல். தமிழ்நாட்டில் மடை மாற்றுதல் என்பார்கள். அந்தப் பித்தளைத் துண்டுக்கும் இதே வேலைதான். வருகிற நீர் ஒன்று, போகிற பாத்தி இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றுக்கே திறப்பு. ஆகவே ‘மடைமாற்றி’.

‘மூவழி வால்வு’ வாய்கள் எத்தனை என்று மட்டும் சொல்கிறது. குளியலறைக் குழாயில் சூட்டைத் தணிக்கும் கலப்பு வால்வுக்கும் மூன்று வாய்தான்: வெந்நீர், தண்ணீர், கலந்த நீர். அங்கே இரண்டு ஒன்றாகின்றன. இங்கே ஒன்று இரண்டில் ஒரு பக்கம் திரும்புகிறது. செயல் நேர்மாறாக இருக்க, பெயர் ஒன்றாக இருக்கலாமா?

‘திசைமாற்றி’ இதைவிட ஆபத்து. ஈரக் காற்றில் 2, 3 பாகைக் குளிரில் வெளிச்சுருள்மீது உறைபனி படியும். அதை உருக்க இயந்திரம், தனக்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் குளிர்பொருளின் ஓட்டத்தையே சில நிமிடங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பும். உண்மையில் திசை மாறுவது அங்கேதான், அதற்குத் தனி வால்வு உண்டு. அதை முறையான பயிற்சி பெற்றவர் மட்டுமே தொடலாம். வீட்டுக்காரர் தயங்காமல் தொட்டுப் பார்க்கக்கூடிய குழாய்க்கும், கைவைக்கவே கூடாத சுற்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

‘நிதி மடைமாற்றம்’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி அந்தச் சொல்லில் முறைகேட்டு வாடை ஏறிவிட்டது என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கறை ஒட்டியிருப்பது ‘மடைமாற்றம்’ என்ற செயற்பெயரில். ‘மடைமாற்றி’ என்று கருவியைச் சொல்லும்போது எனக்கு வயலும் வாய்க்காலும்தான் முன்னே வருகின்றன. ‘மடைப்பள்ளி’யோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கு இல்லை. தனிச்சொல்லாகத் தயங்குபவர்கள் ‘மடைமாற்று வால்வு’ என்று எழுதலாம். ‘வால்வு’ நம் பட்டறைகளில் எப்போதோ குடியேறிவிட்ட சொல், அதைத் துரத்த நான் வரமாட்டேன்.

மாலையில் வீட்டுக்கு வந்து மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே தெரிந்த சிறு தண்டை விரலால் திருப்பினேன், தடையின்றித் திரும்பியது. தண்டு இறுகியிருந்தால் வால்வையே மாற்ற நேர்ந்திருக்கும். இது மோட்டார் பழுது மட்டும். நீரை வடிக்காமலே புதிய மோட்டாரைப் பொருத்த முடிந்தது. எனவே பட்டியலில் ‘மடைமாற்றி உடல்’, ‘மடைமாற்றி மோட்டார்’ என்று இரண்டு பதிவுகள் வேண்டும்.

இன்னொன்று. ஹீட் பம்ப்பைக் ‘கொதிகலன்’ என்ற தலைப்பின்கீழ் வைத்திருக்கிறோம், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அதில் எதுவும் கொதிப்பதில்லை. ரேடியேட்டருக்கு 40, 45 பாகையில் நீர் போனாலே வீடு மெல்லச் சூடாகிவிடும். கொதிகலன் என்று கேட்டுப் பழகியவர்கள் கையைச் சுடவில்லை என்றாலே பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். ‘வெப்ப எக்கி’யோ ஈழப் பாடநூல் வழக்கை ஒட்டிய ‘வெப்பப் பம்பி’யோ, எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

குளிர்பொருளைத் திருப்பும் வால்வுக்கு ‘போக்குமாற்றி’ என்று எழுதிப் பார்த்தேன். மனம் முழுதாக ஒப்பவில்லை. குளிர்சாதனப் பட்டறைகளில் வேலை செய்பவர்கள் இந்த இழையில் இருக்கிறீர்கள். வேலை நடக்கும்போது நீங்கள் அதை என்ன சொல்லிக் கேட்கிறீர்கள்?