டோல்கீனுக்கு அவருடைய பதிப்பாளர் எழுதிய போர்க்காலக் கடிதங்கள்: உதவி தேவை

வணக்கம். ‘ஹாபிட்’ நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கடிதத் தொகுப்பு, 1981-இல் வந்தது, என்னிடம் இருக்கிறது. ஆனால் அதில் அவர் எழுதியவை மட்டும்தான். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினின் பதில்களைத் தேடுகிறேன்.

1940-இல் லண்டன் குண்டுவீச்சில் ‘ஹாபிட்’ பிரதிகள் எரிந்துபோயின. காகிதத்துக்கும் ரேஷன். 1942 டிசம்பரில், ‘ஹாபிட்’டின் தொடர்ச்சியான அடுத்த கதை (‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’) 31-ஆம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டது, இந்த நிலைமையில் இதை முடிப்பதில் பயன் உண்டா என்று அன்வினிடம் கேட்கிறார் டோல்கீன். எவ்வளவு தவிப்பு அதில்! அன்வின் என்ன சொல்லித் தைரியம் கொடுத்தார் என்று படித்தே ஆக வேண்டும்.

அன்வினின் பதிப்பகமான ‘ஜார்ஜ் ஆலன் & அன்வின்’ ஆவணங்கள் இங்கிலாந்தில் ரீடிங் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அங்கே போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்தியாவிலிருந்து நகல் கேட்டால் அனுப்புவார்களா, செலவு எவ்வளவு ஆகும்? அப்புறம், அன்வினின் கடிதங்களை மேற்கோள் காட்டும் நூல் எதுவும் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.