'குளிர்காப்பு' வேண்டாம், 'குளிர்கால ஒதுக்கம்' எனலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

முற்றத்தில் போட்டிருக்கும் நாற்காலி, மேசை, வெயில் குடை முதலியவற்றைக் குளிர்காலம் தொடங்குமுன் எடுத்துவைக்கும் வேலைக்கு 'குளிர்காப்பு', 'பனிக்காலச் சேமிப்பு', 'உள்வைப்பு' என்னும் மூன்று சொற்கள், தமிழ்க் கலைச்சொல் தேடும் இவ்விழையில் (உரையாடல் தொடரில்) முன்வைக்கப்பட்டுள்ளன. பராமரிப்புக் கையேட்டில் வரக்கூடிய வாக்கியங்களில் மூன்றையும் பொருத்திப் பார்த்தேன். மூன்றுமே எனக்கு நிறைவு தரவில்லை.

முதலில், பொருளுக்கான பெயர். நாற்காலி, மேசை போன்றவற்றுக்கு (furniture) 'அறைகலன்' நன்கு வேரூன்றிய சொல்தான். ஆனால் அதற்குள்ளேயே 'அறை' இருப்பதால் 'வெளிப்புற அறைகலன்' என்று எழுதும்போது சொல் தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. 'மரச்சாமான்' என்றால் இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வெளியே நின்றுவிடுகின்றன. இலங்கைத் தமிழில் அன்றாடம் வழங்கும் 'தளபாடம்' இந்த இரண்டு தளைகளும் இல்லாதது; அதை எடுத்துக்கொண்டு 'முற்றத் தளபாடம்' எனலாம் என்பது என் கருத்து.

அடுத்து, செயலுக்கான பெயர். 'குளிர்காப்பு' என்ற சொல்லைக் கேட்டவுடன், குளிர் படாமல் காப்பதே வேலை என்று படிப்பவர் எண்ணுவார். உண்மையில் இந்தப் பொருள்களைக் கெடுப்பது பெரும்பாலும் குளிர் அன்று, உள்ளே சிக்கிய ஈரம். இதை நான் ஒரு நாற்காலியை இழந்து கற்றுக்கொண்டேன். இரும்புக் குழாயால் ஆன அந்த நாற்காலியைக் 'காப்பதாக' நினைத்துத் தார்ப்பாயால் இறுக மூடிக் கட்டியிருந்தேன். குளிர் முடிந்து அவிழ்த்தபோது பின்கால் ஒன்று முற்றிய இலவங்காய் போல நீளவாக்கில் வெடித்திருந்தது. திருகாணித் துளை வழியாக முன்பே இறங்கிய மழைநீர், அடியில் இருந்த ரப்பர் மூடி தடுத்ததால் வெளியேற வழியின்றிக் காலுக்குள் தேங்கியிருக்கிறது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும் என்பதால், மூடிய குழாய்க்குள் அது பற்றவைத்த தையலைப் பிளந்துவிட்டது. தார்ப்பாயின் உட்புறமோ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தரையிலிருந்து எழுந்த ஆவி வெளியேற முடியாமல் அங்கேயே குளிர்ந்து நீராகி, இருக்கையின் மேல் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. மூடாமலே விட்டிருந்தால்கூட இருக்கை அவ்வளவு துருப்பிடித்திருக்காது.

குளிரே கெடுக்கும் பொருள்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. பாலிப்ரொப்பிலீன் நாற்காலி உறைநிலையை ஒட்டிய குளிரில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. அப்போது அதை மடக்கவோ கீழே போடவோ கூடாது. ஆனால் தேக்கு மேசையைக் குளிருக்குப் பயந்து சூடேற்றிய அறைக்குள் கொண்டுபோய் வைத்தால், மரம் விரைந்து உலர்ந்து வெடிப்பு விடும். 'குளிர்காப்பு' என்ற சொல் படிப்பவரை இந்தத் தவற்றுக்கே அழைத்துச் செல்லும் என்று அஞ்சுகிறேன். பெயரே பகையைத் தவறாகக் காட்டினால் விளக்கம் எழுதி அதைத் திருத்துவது கடினம்.

'சேமிப்பு' பணத்தையும் தானியத்தையும் பெருக்கி வைப்பதைச் சொல்வது, நாற்காலிக்குப் பொருந்தவில்லை. 'உள்வைப்பு' மருத்துவத்தில் உடலுக்குள் பொருத்தும் கருவிக்கு வழங்கிவருகிறது.

எனவே 'ஒதுக்கம்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். மழை வந்தால் நாம் ஒரு கூரைக்குக் கீழே ஒதுங்குகிறோம். வேலை முடிந்த பாத்திரங்களைக் கழுவித் துடைத்து ஒதுக்கி வைக்கிறோம். முன்னதில் அடைக்கலம் இருக்கிறது, பின்னதில் சுத்தம் செய்து ஓரிடத்தில் சேர்க்கும் ஒழுங்கு இருக்கிறது. நமக்கு வேண்டிய இரண்டும் ஒரே வேரில் கிடைக்கின்றன. 'ஒதுக்கீடு' என்பதோடு குழம்புமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஈறு வேறாக இருப்பதால் குழப்பம் நேராது என நினைக்கிறேன். நான் முதலில் எண்ணியது 'பனியொதுக்கம்'. அதை விரித்தால் 'பனிக்கு ஒதுக்குதல்' என்றும் வரும், 'பனியை ஒதுக்குதல்' என்றும் வரும். பின்னது பாதையில் குவிந்த பனியைத் தள்ளும் வேலையாகிவிடுகிறது. மேலும் முன்பனி, பின்பனி என்னும் பழைய பருவப் பெயர்களில் உள்ள பனி, உறைபனி அன்று. ஆகவே சற்று நீண்டாலும் 'குளிர்கால ஒதுக்கம்' என்றே நிறுத்திக்கொள்ளலாம்.

இதனோடு இரண்டு துணைச்சொற்களும் தேவைப்படுகின்றன. குழாய்க்கால்களின் அடியில் நீர் வெளியேற இடப்படும் துளைக்கு 'வடிதுளை' எனலாம். வினைத்தொகையாக அமைவதால் வடிந்த, வடிகின்ற, வடியும் துளை என முக்காலத்துக்கும் பொருந்துகிறது. மழையைத் தடுத்து, ஆவியை மட்டும் வெளியே விடும் துணியுறைக்கு 'காற்றாடு உறை' என்பது என் பரிந்துரை. இவ்விழையில் இதை 'மூச்சுவிடும் உறை' என்று எழுதியவர் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் 'காற்றாட வைத்தல்' என்று நாம் ஏற்கெனவே சொல்லிவரும்போது வேறு உருவகம் வேண்டியதில்லை.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க, கையேட்டு நடையில் ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"குளிர்கால ஒதுக்கத்துக்கு முன் நாற்காலிகளைக் கவிழ்த்து, வடிதுளைகளில் அடைப்பு இருந்தால் நீக்கி, நீர் முழுவதும் வடியும்வரை விடவும். மெத்தைகள் மேலே தொட்டால் காய்ந்தது போலத் தோன்றினாலும் நடுவில் அழுத்திப் பார்க்கவும். தையலோரம் ஈரம் கசிந்தால் இன்னும் உலர்த்த வேண்டும். கண்ணாடிப் பலகையைக் கிடத்தி வைத்து அதன் மேல் பாரம் ஏற்றக் கூடாது. வெளியிலேயே விடும் தளபாடத்துக்குக் காற்றாடு உறை இடவும்."

படிக்கத் தடையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இளவேனிலில் இவற்றை மீண்டும் வெளியே எடுத்து, துடைத்து, திருகாணிகளை முடுக்கிப் போடும் எதிர்வேலைக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. 'மீட்பு' மிகையாக ஒலிக்கிறது, 'வெளியெடுப்பு' சுவையற்று நிற்கிறது. நண்பர்கள் தங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால், அங்கிருந்து தொடங்கலாம்.