வேனுக்கு உருண்டை முனைச் சாய்வெழுத்து ஒட்டலாமா?

ஆயர் ஈத்தாம் தங்கச்சி:
எங்க அக்கா காலையில புட்டு மாயம் விக்கிறாங்க (இடியாப்பம்தான், பினாங்குல கேட்டா இந்தப் பேரைத்தான் சொல்வாங்க). பழைய வேன் ஒண்ணு வாங்கியாச்சு, ரெண்டு பக்கமும் பேர் ஒட்டணும். எனக்குப் பிடிச்சது நுனித்தோ (Nunito)ங்கிற எழுத்துருவோட சாய்வு, தடி எடை (கோடு தடிச்ச வகை). முனையெல்லாம் மழுங்கி, அச்சில பிழிஞ்ச மாவு மாதிரியே இருக்கு. ஆனா தமிழையும் கணினியில சாய்ச்சா 'புட்டு'ல இருக்கிற 'ட்' இப்பவோ அப்பவோ விழுந்துடும் போல நிக்குது. விலைப் பலகையையும் இதே எழுத்துல அடிக்கலாமா?

ஸ்டிக்கர் மாமா, பட்டர்வொர்த்:
பிரஷ் பிடிச்சு ஆரம்பிச்ச கை, இப்போ வினைல் ஸ்டிக்கர் வெட்டுது. உருண்டை முனைன்னா நான் யோசிக்காம சரின்னு சொல்வேன்மா. அழகுக்காக இல்ல. வினைல்ல முதல்ல தூக்குறது கூரான மூலைதான். வண்டி கழுவுற துணி அங்கதான் மாட்டும். தடி எடை எடுத்தது நல்லது. மெல்லிசு எடுத்தா முனை உருண்டிருக்கிறது நாலு எட்டு தள்ளி நின்னாலே தெரியாது.

சாய்வுலதான் வம்பு. எழுத்து வலது பக்கமா சாயும். டிரைவர் பக்கம் நின்னு பார்த்தா வண்டியோட மூக்கும் வலது பக்கம், ரெண்டும் சேர்ந்து ஓடும். இடது பக்கம் வந்து பாரு, வண்டி முன்னால போகுது, எழுத்து பின்னால இழுக்குது. நம்ம ஊர்ல ரோட்டோரம் நிக்கிற ஆள் பார்க்கிறது அந்தப் பக்கத்தைத்தான். ஒரு ஐஸ் லோரிக்கு நானே ஒட்டிட்டு நின்னேன். தௌக்கே (முதலாளி) சுத்தி வந்து பார்த்துட்டு, "என்ன மாமா, லோரி ரிவர்ஸ்ல போகுது லா"ன்னார். உரிச்சுட்டு மறுபடி ஒட்டினது என் செலவு. அதுக்கப்புறம் இடது பக்கத்துக்கு அதே குடும்பத்து நேர் எழுத்துதான்.

செந்தூல் வடிவமைப்பாளர்:
மாமா சொன்னதை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை! 'ட்' விழுற கதை இதுதான்: நுனித்தோவில் தமிழே கிடையாது. மென்பொருள் வேறொரு தமிழ் எழுத்தை எடுத்து அப்படியே தள்ளிச் சாய்க்குது. அப்போ வட்டம் முட்டையாகும். வலது மேலும் இடது கீழும் கோடு தடிக்கும், மற்ற ரெண்டு மூலை மெலியும். உருண்டை முனையில இது உடனே பல்லிளிக்கும். ஆங்கிலச் சாய்வை வரைஞ்சவர் அதையெல்லாம் கண்ணால திருத்தியிருப்பார்.

தமிழுக்கு ஏக் டைப் நிறுவனத்தோட பலூ தம்பி 2 (Baloo Thambi 2) எழுத்துருவை எடுங்க. இலவசம், அதே கொழுகொழு முனை. சாய்வு கிடையாது, தேவையும் இல்ல. சாய்வெழுத்து 1501 வாக்கில வெனிஸ்ல ஆல்டஸ் மனூசியஸ்ங்கிற பதிப்பாளரோட புத்தகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டின தனி எழுத்து, இத்தாலிக்காரங்க கையெழுத்துலிருந்து வந்தது. தமிழ் அச்சுல அப்படி ஒரு வழக்கம் இல்ல. மலாய்ப் பேர் சாயட்டும், தமிழ் பக்கத்துல நேரா நிக்கட்டும்.

வாடிக்கையாளர் ஆண்ட்டி:
விலைப் பலகையில மட்டும் வேணாம்மா. இந்த மாதிரி தடிச்ச உருண்டை எழுத்தைச் சின்னதா அடிச்சா 3, 6, 8 எல்லாம் ஒண்ணா அடைச்சுக்கும். காலையில கண்ணாடி இல்லாம வர்ற ஆள் நான்.

ஆயர் ஈத்தாம் தங்கச்சி:
விலைப் பலகைக்குச் சாக்பீஸ்னு அக்கா முடிவு பண்ணிட்டாங்க. மாமா, இடது பக்கம் அளந்து அனுப்புறேன், கதவுக் கைப்பிடி 'மா' மேல வருது.