கொழுப்பு மாத்திரையால் இரும்புச் சத்து குறையுமா?

கேள்வி:
வணக்கம். 61 வயதான என் தாயாருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் காலை வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், மதியம் ஆஸ்பிரின் 75, இரவு கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் என்று தவறாமல் உட்கொண்டு வருகிறார். சென்ற மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் 11 என்று இரண்டும் குறைவாக வந்ததால், இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். கொழுப்பு மாத்திரைதான் இரும்பைக் குறைக்கிறது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அதை நிறுத்திவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

மறுமொழி 1:
நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரைக் கேட்காமல் ஸ்டாட்டினையோ (அடோர்வாஸ்டாட்டின் இந்த வகைக் கொழுப்பு மாத்திரைதான்) ஆஸ்பிரினையோ ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

உறவினர் சொன்னதற்கு வேறொரு மருந்தில் அடிப்படை உண்டு. கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு கொழுப்பைக் குறைக்கிறது. அப்படிப் பிடிக்கும்போது இரும்பையும் பிடித்துக்கொள்ளக் கூடும் என்பதால், மற்ற மருந்துகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ உட்கொள்ளச் சொல்வோம். அடோர்வாஸ்டாட்டின் அவ்வகை மருந்தன்று. அது கல்லீரலில் கொழுப்பு உருவாவதைத் தடுப்பது. ஸ்டாட்டின் உட்கொள்வோருக்கு ஃபெர்ரிட்டின் சற்றுக் குறைவாக இருந்ததாக 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது உண்மைதான். ஆனால் உடலில் அழற்சி இருந்தாலே ஃபெர்ரிட்டின் உயரும் என்பதால், ஸ்டாட்டினால் அழற்சி தணிந்து அந்த அளவு இறங்குவதையும் இரும்பே தீர்ந்துபோவதையும் ஒன்றாகக் கருத முடியாது. ஹீமோகுளோபின் 9.4 வரை இறங்கியதற்கு வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும்.

என் கவலை ஆஸ்பிரினைப் பற்றியது. அது வயிற்றிலும் குடலிலும் வெளியே தெரியாத சிறு இரத்தக் கசிவை உண்டாக்கலாம். வயிற்றைக் காக்கக் கொடுக்கும் பான்டோபிரசோலோ அமிலத்தைக் குறைப்பதால், இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. இரும்பு மாத்திரையை அம்மா எப்போது, எதனுடன் உட்கொள்கிறார் என்று பார்த்தீர்களா?

மறுமொழி 2:
என் தந்தையாருக்கும் இதே நிலை வந்தது. இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு என்று எண்ணி மூன்று வாரங்கள் இருந்துவிட்டோம். பிறகு எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது. அவருடைய மலம் வெறும் கறுப்பாக இல்லாமல் தார்போல ஒட்டும் தன்மையுடனும் கடும் நாற்றத்துடனும் இருந்தது. அந்த வேறுபாட்டை அம்மாவிடம் தயங்காமல் கேட்டுவிடுங்கள். வெட்கத்தால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கேட்டுப் பார்த்தேன்: காலையில் பான்டோபிரசோலுடன் இரும்பு மாத்திரையையும் விழுங்கிவிட்டு, அடுத்த பத்தாவது நிமிடம் டிகிரி காபி குடித்திருக்கிறார். மலம் ஒட்டுவதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

மறுமொழி 1:
காபிக்கும் இரும்பு மாத்திரைக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்; ஆனால் அதை நாளை பார்த்துக்கொள்ளலாம். மலம் ஒட்டுகிறது என்றால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்; இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.